நீல இன்ட்டு

எனக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. நாற்காலி என்றதும் பதவி, அரசியல் என்று போய்விடாதீர்கள். நான்கு கால், ஒரு முதுகு, உட்கார்ந்தால் ஆடாமல் இருக்கிற சாதாரண நாற்காலி. எங்கள் லாண்டரியில் துணி சோதிக்கிற மேஜைக்குப் பொறுப்பாக இருப்பவருக்கு மட்டும்தான் அது உண்டு. மற்ற எல்லோருக்கும் அவரவர் கால்தான்.

பதினேழு வருஷம் நின்றிருக்கிறேன். ஐந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்கள் போடுகிற பச்சை அங்கி எல்லாம் எங்களிடம்தான் துவைக்க வருகின்றன. முதல் மூன்று வருஷம் இஸ்திரி மெஷினில் இருந்தேன். அப்புறம் நானே கேட்டு சோதனை மேஜைக்கு மாறிக்கொண்டேன். ஏன் மாறினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். போன வருஷம் முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே நின்னு செய்யற வேலை வேணாம், உக்காந்து செய்யற வேலையா பாத்துக்கங்க" என்றார். அவருக்கென்ன, சுற்றுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

என் நல்ல நேரம், மேஜைப் பொறுப்பில் இருந்த அக்கா வேலையை விட்டுப் போனார். அந்த இடத்தில் தற்காலிகமாக என்னை உட்கார வைத்தார்கள். மூன்று மாதத்தில் கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடியும் காலுக்குச் சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போடுவதுபோல டிரெயினிங் சார் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் எழுத்துத் தேர்வு. அதுவும் இங்கிலீஷில். பாஸ் செய்தால் நாற்காலி. இல்லையென்றால் இஸ்திரி மெஷினில் ஆள் குறைவு, அங்கே போய் நிற்க வேண்டும்.

அவர் சொன்ன காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற புகாரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். டிரைவர் கொண்டுபோய்க் கொடுத்த விரிப்புகளை நர்ஸ் ஒருவர் மழையில் நனைத்துவிட்டார் என்று ஒரு புகார் வந்தது. அதை யாரோ தலைகீழாகப் படித்து, நனைத்தது டிரைவர் என்று முடிவு கட்டி, பாவம் அந்த மனுஷனை மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் தேர்வில் ஒரு பகுதி முழுக்க இதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். இருபது வாக்கியம். ஒவ்வொரு பெரிய வாக்கியத்துக்குள்ளும் ஒரு சின்ன வாக்கியம் இருக்கும். அந்தச் சின்ன வாக்கியத்துக்கு சப்ஜெக்ட், அதாவது எழுவாய், யார் என்று கண்டுபிடித்து, அந்த வார்த்தைக்குக் கீழே கோடு போட வேண்டும். பன்னிரண்டு சரியாக இருந்தால் பாஸ்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றே ஒன்றுதான். துவைத்து வந்த விரிப்பை மேஜையில் விரித்தால், அதில் போகாத கறை எங்கே இருக்கிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். கையில் நீல மெழுகு பென்சில் இருக்கும், வெந்நீரில் கரைந்துவிடுகிற ரகம். கறை மேல் ஒரு இன்ட்டு, அதுதான் பெருக்கல் குறி, போடுவேன். இன்ட்டு என்றால் கண்டுபிடித்தாயிற்று, மறுபடி துவைத்தால் போய்விடும் என்று அர்த்தம். கோடு என்றால் கிழிசல். கோடு போட்ட துணி கந்தல் கூடைக்குப் போகும், திரும்பி வராது. ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு பார்ப்பேன். அதில் பூப் போட்டதா, கட்டம் போட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கறை பார்க்கிற கண் பூவைப் பார்க்காது. லாண்டரியில் என் பெயரே இன்ட்டு அக்காதான்.

சொல்லிக் கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தாள். என் நாத்தனார். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறாள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களோடுதான் இருக்கிறாள். முப்பத்தொன்பது வயதிலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். எங்களுக்குள் சண்டையும் கிடையாது, சிநேகமும் கிடையாது. ஒரே அடுப்பில் இரண்டு பாத்திரம்போல இருந்து பழகிவிட்டோம். அவளாகவே வந்து, "நான் சொல்லித் தரேன் அண்ணி" என்றபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் நாள் சமையலறை மேஜையில் ஒரு தாளை வைத்து எழுதினாள். த வுமன் ஹூ அயர்ன்ஸ் த ஷீட்ஸ் இஸ் டயர்ட். விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற பெண் களைத்திருக்கிறாள்.

"இதுல சின்ன வாக்கியம் எது அண்ணி?"

"ஹூ அயர்ன்ஸ் த ஷீட்ஸ்."

"கரெக்ட். அதுக்கு சப்ஜெக்ட்?"

"வுமன்."

"இல்ல. ஹூ."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இஸ்திரி போடறது அந்தப் பொம்பளை. வேர்க்கறது அவளுக்கு. பேரு மட்டும் ஹூவுக்கா?"

"அவ பெரிய வாக்கியத்துக்கு சப்ஜெக்ட். சின்னதுக்குள்ள அவளுக்குப் பதிலா ஹூ நிக்குது."

"பதில் ஆளா?"

"ஆமா."

"லீவு போட்டா ஷிஃப்ட்டுக்கு வேற ஆள் நிக்கற மாதிரியா?"

"அப்படியே வெச்சுக்கங்க" என்றாள்.

சரி, அவள் சொன்ன ஹூ மேல் பென்சிலால் ஒரு இன்ட்டு போட்டேன். "கீழ கோடு போடணும் அண்ணி" என்றாள். "நல்லா இருக்கற வார்த்தைக்கு எதுக்குக் கோடு, கிழிஞ்சா போச்சு?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் என் இன்ட்டுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் டிக் போட்டாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன விலை கொடுக்கப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் த ஷீட் தட் ஷீ வாஷ்ட், அவள் துவைத்த விரிப்பு, என்று ஒன்று வந்தது. நேற்று ஹூ என்றால் இன்றைக்கு தட்தானே என்று தைரியமாக தட் மேல் போட்டேன். தப்பாம். ஷீயாம். "தட் துவைக்கல அண்ணி, துவைச்சது அவ" என்றாள். ஒப்புக்கொண்டேன். அடுத்து பாலைக் குடித்த பூனை வந்தது, த கேட் தட் டிரேங்க் த மில்க். தட் துவைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை என்று அதை ஒதுக்கிவிட்டுப் பூனை மேல் போட்டேன். அதுவும் தப்பு. இந்தத் தடவை தட்தான் சப்ஜெக்டாம். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பென்சிலைத் தூக்கிப் போட்டேன்.

அதற்கு மேல் மழை ஒன்று வந்தது. வென் இட் ரெயின்ட்.

"மழை பெஞ்சுது. யாரு பெஞ்சது?"

"இட்."

"அது யாரு, மேகமா?"

"யாரும் இல்ல அண்ணி. ஆள் வேணுமேன்னு சும்மா நிக்குது."

"நான் பதினேழு வருஷம் நின்னேன். என்னை யாராவது சப்ஜெக்ட்னு சொன்னாங்களா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்தால் தட்டும் ஹூவும் வந்து மார்மேல் உட்கார்ந்துகொண்டன. என் வீட்டுக்காரர் பேசுகிற பேச்சில்கூட யார் சப்ஜெக்ட் என்று தேட ஆரம்பித்தேன். அவர் பேச்சில் பெரும்பாலும் யாருமே இருக்கமாட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் எல்லோருடைய பேச்சும் அப்படித்தான். இங்கிலீஷ்காரன் மழைக்குக்கூட ஒரு ஆளை நிறுத்தி வைக்கிறான். இங்கே பால் பொங்கிப் போச்சு, கப் உடைஞ்சு போச்சு, சாவி தொலைஞ்சு போச்சு என்று எல்லாம் தானாகவே போகும். போகவிட்டவர் யார் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள்.

அப்படித்தான் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோட்டும் கருகிப் போச்சு.

என் வீட்டுக்காரருக்கு பஸ் டெப்போவில் கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ. அதற்காகப் பழுப்பு நிறத்தில் ஒரு கோட்டு தைத்திருந்தார். அன்று காலை அவர் சட்டைக்கு அவசர அவசரமாக இஸ்திரி போட்டுவிட்டு ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஓடினேன். மத்தியானம் திரும்பி வந்தால், மேஜை மேல் கோட்டு கிடக்கிறது, முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை. மாமியார் அப்போது இருந்தார். "ஊரு துணியெல்லாம் தேய்க்கிற கை, புருஷன் கோட்டைக் கருக்கிடுச்சு" என்றார். சொன்னது ஒரே தடவைதான். என் வீட்டுக்காரர் வெறும் சட்டையோடு இன்டர்வியூவுக்குப் போனார், வேலையும் கிடைத்தது. அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆனால் நான் பேசிக்கொண்டே இருந்தேன், எனக்குள்ளே. அன்று பிளக்கைப் பிடுங்கினேனா? பெட்டியைக் கோட்டு மேலேயே வைத்துவிட்டுப் போனேனா? வைத்ததாக ஞாபகம் இல்லை. வைக்கவில்லை என்றும் ஞாபகம் இல்லை. ஒரு நாள் நான்தான் என்று தோன்றும், ஒரு நாள் நானில்லை என்று தோன்றும். இஸ்திரி போடுகிறவளுக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மெஷின் பக்கம் நின்றால், கருகிவிட்டதா என்று ஒவ்வொரு விரிப்பையும் நாலு தடவை புரட்டிப் பார்த்தேன். அதனால்தான் மேஜைக்கு மாற்றிக் கேட்டேன். வீட்டில் இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது. பாவம், நாளெல்லாம் அதையே செய்கிறாள் என்று நினைத்து என் வீட்டுக்காரர் கசங்கின சட்டையோடு பதினான்கு வருஷமாக டெப்போவுக்குப் போய் வருகிறார். மறுபடியும் மெஷினுக்குப் போவதென்றால் எனக்குக் கால் வலி மட்டும் இல்லை.

எனக்குப் புரிய ஆரம்பித்தது சோதனை மேஜையில்தான். ஒரு விரிப்பில் மஞ்சளாகக் கறை. பக்கத்தில் இருந்த பெண், "இது யாரோட வேலை அக்கா, நர்ஸா, கிச்சனா?" என்றாள். "முதல்ல கறை என்னன்னு பாரு, மருந்தா, துருவா, டீயா? அப்புறம் யாருன்னு தானா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், சட்டென்று நின்றுவிட்டேன். நான் இத்தனை நாள் ஆளை முதலில் தேடிக்கொண்டிருந்தேன். செய்த காரியத்தை முதலில் பிடித்தால் போதும். அப்புறம், செய்தது யார் என்று அதையே கேட்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலம் எழுதின பத்தாவது தாளில் பத்துக்கு எட்டு. பாப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பதினோராவது தாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எப்போதும் எதிரே உட்காருகிறவள் அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பத்தாவது வாக்கியம் தோ என்று ஆரம்பித்தது, இருந்தும் என்று அர்த்தம் வருகிற தோ. உள்ளே ஒரு ஐ, ஒரு ஷீ. முதலில் ஷீ மேல் இன்ட்டு போட்டேன். அப்புறம் காரியத்தைப் பிடித்து, யார் என்று கேட்டேன். ஷீயை ரப்பரால் அழித்துவிட்டு ஐ மேல் போட்டேன். "முடிச்சிட்டேன்" என்று நீட்டினேன்.

அவள் அதை வெகு நேரம் பார்த்தாள். "இது சரியா அண்ணி?"

"நீதானே சொல்லணும்."

"சரிதான்" என்று டிக் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது. "வேற ஒண்ணும் கேக்கணுமா?" என்றாள்.

"ஒரு டீ போடறியா?" என்று கேட்டேன். போட்டுக் கொடுத்தாள். அதில் சர்க்கரை இல்லை.

முப்பத்தெட்டு தாள் முடித்தோம். கடைசியில் இருந்த தாள்களில் பத்துக்குப் பத்து, ஒன்பது என்று வந்தது. தேர்வு கேன்டீன் ஹாலில் நடந்தது. காலை நீட்டி உட்கார்ந்தேன், யூனிஃபார்ம் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற நீலப் பென்சிலை எடுத்தேன், ஒவ்வொரு வாக்கியத்திலும் காரியத்தைப் பிடித்து யார் என்று கேட்டேன். அத்தனை வார்த்தைகளும் கை கட்டிக்கொண்டு பதில் சொல்லின. பத்து நிமிஷம் முன்னாலேயே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். குறைந்தது பதினாறு என்று பாப்பாவிடம் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். அந்தப் பகுதியில் இருபதுக்குப் பூஜ்யம். அடுத்த திங்கட்கிழமை முதல் இஸ்திரி மெஷின்.

நான் பட்டியலை மூன்று தடவை படித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, குழப்பம்தான் வந்தது. அப்படியானால் எனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததெல்லாம் என்ன? பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே குழப்பம். என் கை செய்ததை என் கையாலேயே சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் அது கோபமாக மாறியது. கோபத்துக்கு ஆள் வேண்டுமே.

"வேணும்னே தப்பு தப்பா சொல்லிக் குடுத்தியா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன்.

பாப்பாவின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவள் டைப்பிஸ்ட். ஒரு எழுத்துத் தப்பினாலும் எங்கே என்று தேடுகிறவள். "பூஜ்யம் வராது அண்ணி" என்றாள். "கண்ணை மூடிக்கிட்டு போட்டாலும் நாலஞ்சு தானா சரியா இருக்கும். பூஜ்யம்னா வேற என்னமோ நடந்திருக்கு. தாள்ல என்ன போட்டீங்க?"

"சப்ஜெக்ட் மேல போட்டேன்."

"என்ன போட்டீங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். அது காற்றில் தானாக ஒரு இன்ட்டு போட்டது.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "முப்பத்தெட்டு தாள்லயும் நான் அதுக்கு டிக் போட்டேனே அண்ணி" என்றாள். "எனக்குப் பழகிப் போச்சு." அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு, "நான் பழகிட்டேன்" என்று மாற்றிச் சொன்னாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, முப்பத்தெட்டுத் தாளையும் வரிசையாக நம்பர் போட்டுக் கட்டிக்கொண்டு என்னோடு லாண்டரிக்கு வந்தாள். டிரெயினிங் சார் ஒல்லியான மனுஷர், சட்டைப் பையில் நான்கு நிறத்தில் பேனா. என் தேர்வுத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். நீல இன்ட்டுகள் வரிசையாகப் பல்லைக் காட்டின.

"எனக்கே குழப்பமாத்தான் இருந்துச்சும்மா" என்றார். "சரியான வார்த்தையையெல்லாம் தேடித் தேடி அடிச்சிருக்கீங்க. தப்பான வார்த்தையை அடிச்சிருந்தாகூட புரிஞ்சிருக்கும்."

"அடிக்கல சார். எங்க மேஜையில இன்ட்டுன்னா கண்டுபிடிச்சாச்சுன்னு அர்த்தம். கோடுன்னா கிழிசல். நல்ல வார்த்தைக்குக் கீழ கோடு போட கை வரல."

பாப்பா தாள்கட்டை அவர் முன்னால் வைத்தாள். "தப்பு என் பேர்ல சார். சொல்லிக் குடுத்தது நான். இன்ட்டுக்கெல்லாம் டிக் போட்டது நான்." அவள் இப்படி ஆளை முன்னால் நிறுத்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவர் தாள்களைப் புரட்டினார். முகவாயைச் சொறிந்தார். "வீட்ல எழுதினதை வெச்சு மார்க் போட முடியாது. ஒண்ணு செய்யலாம். இதுலேர்ந்தே மூணு வாக்கியம் நான் எடுக்கறேன். சப்ஜெக்டையும் சொல்லணும், அர்த்தத்தையும் சொல்லணும். மூணும் சரியா இருந்தா உங்க இன்ட்டையெல்லாம் கோடுன்னு எடுத்துக்கறேன். ஒண்ணு தப்பினாலும் திங்கட்கிழமை இஸ்திரிதான்."

முதலில் இருபத்தாறாவது தாள். டிரைவர் தூங்கினதால் வண்டி லேட்டாக வந்தது. தூங்கியது யார்? டிரைவர். சொல்லிவிட்டேன். இரண்டாவது, முப்பதாவது தாள். தபால்காரர் கொண்டுவந்த கடிதம் நனைந்திருந்தது. அதையும் சொன்னேன். மூன்றாவதுக்குச் சீட்டு எடுப்பதுபோல நடுவில் விரலை விட்டு ஒரு தாளை உருவினார். மூலையில் பதினொன்று என்று இருந்தது. கீழே ஒரு இடத்தில் சிவப்புப் பேனா தாளைக் கிழித்திருந்தது.

"இது என்ன, இவ்வளவு அழுத்தி டிக் போட்டிருக்கு? சரி, இதையே சொல்லுங்க."

தோ ஐ பர்ன்ட் த கோட், ஷீ வாஸ் பிளேம்ட்.

"சின்ன வாக்கியம் தோ ஐ பர்ன்ட் த கோட். சப்ஜெக்ட் ஐ" என்றேன்.

"அர்த்தம்?"

"பர்ன்ட்னா கருக்கினது சார். கோட்டுன்னா கோட்டு. நான் கோட்டைக் கருக்கியும்..." அதற்கு மேல் நகரவில்லை. பிளேம்ட் எனக்குத் தெரியாத வார்த்தை.

"பழி போடறது அண்ணி" என்றாள் பாப்பா. அவள் குரல் தரையிலிருந்து வந்தது.

"நீங்க சொல்லக் கூடாதும்மா" என்று சார் அதட்டினார். "சரி, அந்த ஒரு வார்த்தையை விட்டுடலாம். முழுசா சொல்லுங்க."

"நான் கோட்டைக் கருக்கியும், பழி அவ மேல வந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கறை பார்க்கிற கண், அன்றுதான் பூவைப் பார்த்தது.

"கருக்கினது யாரு?" என்று கேட்டார் சார்.

"நான்."

"நீங்களா?"

பதினான்கு வருஷமாக அந்த நான் நானாகத்தான் இருந்தேன். வாய் ஆமாம் என்று சொல்லப் பார்த்தது, பழக்கதோஷம். பாப்பா தலையைக் குனிந்துகொண்டு விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளை அவள் கட்டுக்குள்ளிருந்து உருவி எடுத்திருக்கலாம். நம்பர் போட்டவளே அவள்தானே. எடுக்கவில்லை.

"இல்ல சார்" என்றேன். "இதை எழுதினவங்க."

"கரெக்ட்" என்று அவர் பச்சைப் பேனாவை எடுத்தார். என் நீல இன்ட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "பதினேழு சரி. மூணு நிஜமாவே தப்பு" என்றார். "அடுத்த தடவை கோடு போடச் சொன்னா கோடு போடுங்கம்மா." நாற்காலி எனக்கு வந்துவிட்டது. அந்த நிமிஷம் அது எனக்கு உறைக்கவே இல்லை.

வராந்தாவில் பாப்பா என் பின்னாலேயே வந்தாள். "அண்ணனுக்கு நான் தேய்ச்சு வெக்கலாம்னு எடுத்தேன் அண்ணி. யாரோ கதவைத் தட்டினாங்க, போயிட்டேன். நீங்க வந்ததும் சொல்லத்தான் நின்னேன். அம்மா முந்திக்கிட்டாங்க."

"அன்னைக்கு அம்மா முந்திக்கிட்டாங்க. மறுநாள்?"

அவள் தாள்கட்டைப் பைக்குள் திணித்தாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. கூடவே, என் கை தப்பு செய்யவில்லை என்று கூரை மேல் ஏறி நின்று கத்த வேண்டும்போலவும் இருந்தது. எது கோபம், எது சந்தோஷம் என்று பிரிக்க முடியாமல் பஸ் ஏறினேன். ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அவள் நின்றாள், நான் உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் டெப்போவிலிருந்து வந்து, வழக்கமான கசங்கின சட்டையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். "பாஸா?" என்றார். தலையாட்டினேன். பாப்பா பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணா, அந்தக் கோட்டைக் கருக்கினது நான். அண்ணி இல்ல."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளரைக் கீழே வைத்தார். நன்றாக யோசித்தார்.

"எந்தக் கோட்டு?" என்றார்.

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பாதியில் அது அழுகையாக மாறியதும், இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினான்கு வருஷம். அந்த மனுஷனுக்கு எந்தக் கோட்டு என்றே தெரியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பாப்பாவிடம் சொன்னேன். "உன்னை நான் இன்னும் மன்னிக்கல. அது எப்ப வரும்னு எனக்கே தெரியாது. ஆனா உனக்குப் போட்டது இன்ட்டுதான், கோடு இல்ல. போ, பரண்லேர்ந்து அந்தப் பெட்டியை எடு."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவந்து, தூசியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள். பிளக்கை நான் செருகினேன்.

"சட்டையைக் கழட்டுங்க" என்றேன் அவரிடம்.

"இப்பவா?" என்றார், டீயைப் பார்த்துக்கொண்டு.